உள்ளுக்குள்ள மெலியிற இரும்பு

கடல் காத்துல இரும்பு கறள் பிடிக்கிறத எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்ல. கல்லடியில, கல்லாத்தில, காரைதீவில கடற்கரைப் பக்கம் வீடு கட்டின எல்லாருக்கும் தெரியும் புதுத் தகரம் எத்தின மாரிக்குத் தாங்கும், கேட்டுப் பிணைச்சல் எப்ப இறுகும், சைக்கிள் செயின் எப்ப அறும் எண்டு. அது நல்ல கறள் எண்டுதான் நான் சொல்லுவன். ஏனெண்டா அது கண்ணுக்குத் தெரியுது, சிவப்பா வருது, பொருபொருத்து உதிருது, தொட்டா கையில ஒட்டுது, நாமளும் பாத்துட்டு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறம், இல்லாட்டி கழட்டி மாத்துறம். பழைய கல்லடிப் பாலம் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு, உப்புத் தண்ணிக்கு மேல இத்தின வருஷமா நிக்குது. அதில கறள் பிடிச்சா றோட்டால போற சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

நான் எழுத வந்தது மற்றக் கறளப் பத்தி. வெளியில ஒரு அடையாளமும் காட்டாம உள்ளுக்குள்ளயே இரும்ப மெலிய வைக்கிற சாமான். அணுமின் நிலையம் எண்ட உடனே எங்கட ஆக்கள் குண்டு வெடிக்கிறதையும் புகுஷிமாவையும்தான் கதைக்கிறாங்க, அந்தப் பயம் பொய் எண்டு நான் சொல்ல வரல்ல, ஆனா அந்த நிலையங்கள்ல ஆக்கள் செத்துப்போன ரெண்டு பெரிய விபத்து வெறும் பைப் வெடிச்சு நடந்தது. அத ஒருத்தரும் கதைக்கிறதில்ல.

என்ட தொழில் பைப் தடிப்பு அளக்கிறது. கட்டார்லயும் பிறகு அபுதாபிப் பக்கமும் ஆயில் பிளான்ட், காஸ் பிளான்ட் சட்டவுன் வேலைகள்ல, அதாவது பிளான்ட நிப்பாட்டித் திருத்துற நாட்கள்ல, சத்த அலையால தடிப்பு அளக்கிற அல்ட்ராசோனிக் மெசின தோளில போட்டுக்கொண்டு ஸ்கஃபோல்ட் ஏறித் திரிஞ்சவன். இப்ப ஊரில நிக்கிறன், நெல்லு ஆலைப் பொயிலர்கள், ஐஸ் ஃபக்டரிகள் எண்டு கூப்பிடுற இடத்துக்குப் போறன். அணு உலைக்குள்ள நான் கால் வச்சதில்ல. ஆனா பைப் எங்க கிடந்தாலும் பைப்தான், அதுக்குள்ள சுடுதண்ணி ஓடினா நடக்கிறதும் ஒண்டுதான்.

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு ஆலை. உமி எரிக்கிற பொயிலர், அதில இருந்து நெல்லு அவிக்கிற தாங்கிக்குப் போற ரெண்டு அங்குல ஸ்டீம் பைப். வால்வுக்குப் பிறகு ஒரு எல்போ, அதாவது பைப் திரும்புற வளைவுத் துண்டு, அதுக்குக் கீழதான் பொடியனுகள் மூட்டை தூக்கிக்கொண்டு அங்கயும் இங்கயும் போறாங்க. வெளியில பாத்தா பெயின்ட் நல்லா இருக்கு, சுத்தியலால தட்டினா சத்தமும் நல்லா இருக்கு. பெயின்ட சுரண்டி, ஜெல்லு பூசி, மெசின்ட அளக்கிற முனைய, புரோப, வச்சன். நேர்ப் பைப்பில 3.7 மிமீ, புதுசில ஏறக்குறைய 3.9 இருக்கும், அப்ப பிரச்சினை இல்ல. எல்போட உள்வளைவு 3.4. வெளிவளைவுக்குப் புரோப நகத்த நகத்த 2.6, 1.9, பிறகு 1.2. கலிபிரேஷன் கட்டையில திரும்பவும் வச்சுப் பாத்துட்டு, அதே இடத்தில திரும்ப அளந்தன். அதே 1.2 தான்.

ஆலை முதலாளி ஹாஜியார் பக்கத்தில நிண்டாரு. "இது வாப்பாட காலத்துப் பைப்பு தம்பி, இப்ப வாற சாமான் மாதிரி இல்ல, நல்ல உறுதி"ண்டாரு. "ஹாஜியார், வெளியில தடவிப் பாத்தா ஒண்டும் விளங்காது, இந்த இலக்கத்தப் பாருங்க"ண்டு மெசின அவருக்கிட்டக் காட்டினன். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே நிண்டாரு, பிறகு ஒரு கதையும் இல்லாம ஆளக் கூப்பிட்டு பொயிலர நூக்கச் சொன்னாரு, அந்த மனிசனுக்கு அதுக்காகவே என்ட மனசில ஒரு இடம் இருக்கு. எல்போவ வெட்டி எடுத்து உள்ளுக்குப் பாத்தா சிவப்புக் கறள் ஒரு பொட்டும் இல்ல. கறுப்பா, பளபளப்பா, அலை அலையா சின்னச் சின்னக் குழி. ஒரு இடத்தில ஓரம் அப்பிடி மெலிஞ்சிருந்திச்சு, விரலால நெரிச்சா வளையிற அளவுக்கு.

ஆலையில நடந்தது பல சாமான் கலந்தது, ஈர ஸ்டீம் அடிச்சது, தண்ணி சரியில்லாதது, வால்வ பாதி திறந்து வச்சு ஓட்டினது எல்லாம். அணுமின் நிலையத்தில இதே சாமான் சரியான சுத்தமான தண்ணியில நடக்குது. அதுதான் என்னை இதுக்குள்ள இழுத்தது.

ஜப்பான்ல மிஹாமா எண்டு ஒரு நிலையம், அதில 3ஆம் உலை, 1976ல ஓடத் தொடங்கினது. 2004 ஓகஸ்ட் 9ஆந்திகதி பின்னேரம் டர்பைன் கட்டடத்துக்குள்ள ஒரு பெரிய பைப், விட்டம் 56 சென்டிமீற்றர், பிளந்து திறந்திச்சு. உள்ளுக்கு ஓடினது ஏறக்குறைய 140 பாகை சுடுதண்ணி, அழுத்தத்தில நிண்ட தண்ணி, வெளியில வந்த உடனே ஸ்டீமா மாறிச்சு. 5 பேர் செத்தாங்க, 6 பேருக்குச் சரியான எரிகாயம். அந்தப் பைப் போடேக்க தடிப்பு 10 மிமீ. சட்டப்படி குறைஞ்சது 4.7 இருக்கணும். வெடிச்ச இடத்தில 1.5 மிமீயும் இல்ல. அந்த இடத்த 28 வருஷமா ஒருத்தரும் ஒருக்கா கூட அளக்கல்ல. மறைச்சு வச்சதால இல்ல, எட்டாத இடம் எண்டும் இல்ல. அளக்க வேண்டிய இடங்கள்ட லிஸ்ட் எழுதேக்க அந்த இடம் விடுபட்டுப் போச்சு. பிறகு அந்த லிஸ்ட் ஒரு கொம்பனியில இருந்து இன்னொரு கொம்பனிக்குக் கைமாறேக்கயும் விடுபட்டதாவே மாறிச்சு, ஒருவழியா 2003ல கண்டுபிடிச்சு எழுதினாங்க, எழுதிட்டு அடுத்த சட்டவுன்ல அளப்பம் எண்டு வச்சாங்க. அந்தச் சட்டவுன் தொடங்க இருந்தது ஓகஸ்ட் 14. அஞ்சு நாள்.

இந்த இடத்தில நான் நிண்டு யோசிக்கிறது செத்த ஆக்களப் பத்தி. அவங்க நிலையத்துச் சொந்த ஆக்கள் இல்ல, ஒப்பந்தக் கொம்பனி வேலையாக்கள், வரப்போற சட்டவுனுக்கு சாமான் கருவியெல்லாம் ஆயத்தம் பண்ண உள்ளுக்குப் போனவங்க. உலையையும் நிப்பாட்டாம ஓட விட்டுட்டுத்தான் அந்த வேலை. கட்டார்ல சட்டவுனுக்கு முதல் கிழமை நாங்களும் அப்பிடித்தான் ஓடுற பைப்புக்குப் பக்கத்தில ஸ்கஃபோல்ட் கட்டி, இன்சுலேஷன் கழட்டி, சோக்கால கட்டம் போட்டுக்கொண்டு நிப்பம். அந்தப் பைப் எத்தின மில்லிமீற்றர்ல நிக்குது எண்டு எங்களுக்குத் தெரியாது, அளந்த பிறகுதான் தெரியும்.

சரி, சுத்தமான தண்ணி எப்பிடி இரும்பத் தின்னுது? வெளியில நாம பாக்கிற கறளுக்கு ஒட்சிசன் வேணும், உப்பு இருந்தா இன்னும் வேகம். பிளான்ட்ல அது தெரிஞ்சு தண்ணியில இருந்து உப்பையும் ஒட்சிசனையும் எடுத்துப் போடுறாங்க. அப்ப இரும்புக்கு மேல மக்னடைட் எண்டு கறுப்பா ஒரு மெல்லிய தோல் படியும், அதுதான் இரும்புக்குக் காவல். தண்ணி சும்மா நிண்டா அந்தத் தோல் அப்பிடியே கிடக்கும். ஆனா தண்ணி வேகமா ஓடி, எல்போவில திரும்பி, ஓரிஃபிஸ் எண்ட, நடுவில ஓட்டை போட்ட தட்டத்துக்குப் பிறகு சுழிச்சு அடிக்கிற இடத்தில, தோல் கரைஞ்சு தண்ணியோட போகும், கீழ இருக்கிற இரும்பு இன்னொரு தோல் போடும், அதுவும் கரையும். புண்ணில கட்டின பொருக்க பிய்ச்சுக்கொண்டே இருந்தா புண் ஆழமாப் போற மாதிரிதான். மணல் இல்ல, அமிலம் இல்ல, சத்தமும் இல்ல. 130 பாகையில இருந்து 150 பாகை வரைக்கும் இது சரியான மோசம், மிஹாமா பைப் சரியா அந்த நடுவில நிண்டது. வெடிச்ச இடமும் ஒரு ஓரிஃபிஸுக்குப் பின்னாலதான்.

இதில எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கிறது ரெண்டு விசயம். ஒண்டு, கடற்கரையில எங்கட தகரத்தத் தின்னுற அதே ஒட்சிசன் இந்தப் பைப்புக்குள்ள கொஞ்சமா இருந்தா தோல் உறுதியாகி இரும்பக் காப்பாத்தும், சில நிலையங்கள்ல அளவா ஒட்சிசன் சேத்தே ஓட்டுறாங்க. மற்றது குரோமியம். ஸ்டெயின்லெஸ் அளவுக்குப் போகத் தேவையில்ல, சாதாரண காபன் ஸ்டீலில நூத்துக்கு 0.1 பங்கு குரோமியம் தற்செயலா கூடிக் கிடந்தாலே மெலியிறது நல்லாக் குறையும். அதால ஒரே லைன்ல, ஒரே தண்ணியில, பக்கத்து பக்கத்தில கிடக்கிற ரெண்டு எல்போவில ஒண்டு 9 மிமீயா நிக்கும், மற்றது 3க்கு வந்திருக்கும். எந்த இரும்பாலையில எந்தப் பழைய இரும்பு உருக்கிச் செஞ்சாங்க எண்டதப் பொறுத்து. இத விளங்கின பிறகு "ஒரு இடத்தில அளந்தனாங்க, நல்லா இருக்கு, மற்றதும் அப்பிடித்தான் இருக்கும்" எண்டு ஒரு சூப்பர்வைசர் சொன்னா எனக்கு நெஞ்சு படபடக்கும்.

மிஹாமாவுக்கு 18 வருஷம் முந்தி, 1986 டிசம்பர் 9, அமெரிக்காவில வெர்ஜினியா மாநிலத்தில சரி (Surry) எண்ட நிலையத்தில 2ஆம் உலையில இதே மாதிரி 18 அங்குல எல்போ ஒண்டு வெடிச்சு 4 பேர் செத்தாங்க. அதுக்குப் பிறகுதான் அமெரிக்கா முழுக்க கணக்குப் போட்டு அளக்கிற முறை வந்தது, எந்த எல்போவில எந்த வேகம், என்ன சூடு, என்ன இரும்பு எண்டு கொம்பியூட்டர்ல போட்டு எங்க முதல்ல அளக்கணும் எண்டு பாக்கிறாங்க. ஜப்பான்காரனுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் லிஸ்ட்ல ஒரு வரி இல்லாமப் போனா நடக்கிறது அதுதான்.

ரெண்டு விபத்திலயும் கதிர்வீச்சு வெளிய வரல்ல. அந்த வகை உலையில டர்பைன் பக்கம் ஓடுற தண்ணி உலைக்குள்ள போற தண்ணி இல்ல. அதனாலதான் எங்கட பத்திரிகைகள்ல இது பெருசா வரல்ல எண்டு நினைக்கிறன், ஆனா அந்த அஞ்சு குடும்பத்துக்கும் நாலு குடும்பத்துக்கும் அதில என்ன ஆறுதல்.

உலைப் பக்கம் வந்தா கதை இன்னும் பயங்கரம். அமெரிக்காவில ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையம். உலைத் தொட்டிட மூடி 6 அங்குலத்துக்கு மேல தடிப்பான இரும்பு, உள்பக்கம் மட்டும் கறள் பிடிக்காம ஸ்டெயின்லெஸ் பூச்சு, முக்கால் அங்குலத்தில பாதிதான், ஏறக்குறைய 9.5 மிமீ. மூடிக்கு மேலால, உலைய அடக்கிற கன்ட்ரோல் றொட் போற குழாய்கள் இறங்கும், அதெல்லாம் அலோய் 600 எண்ட நிக்கல் கலவை. அந்தக் கலவை சூடான உலைத் தண்ணியில, வெல்டிங் இழுவையோட சேர்ந்து, வருஷக்கணக்கில மெல்ல மெல்ல வெடிப்பு விடும். 1991லயே பிரான்சில பூஜே நிலையத்தில இத கண்டுட்டாங்க. டேவிஸ்-பெஸ்ஸியில அந்த வெடிப்பால உலைத் தண்ணி கசிஞ்சு மூடிக்கு மேல வந்திச்சு. உலைத் தண்ணியில போரிக் அமிலம் இருக்கும், தண்ணி ஆவியாப் போக அமிலம் மட்டும் மிஞ்சி, இரும்பத் தின்னத் தொடங்கிச்சு.

இங்க அடையாளம் இல்லாம இல்ல, அதுதான் என்னால பொறுக்க ஏலாத இடம். காத்த வடிக்கிற ஃபில்டர்கள்ல கறள் தூள் வந்து அடைச்சுது, அடிக்கடி மாத்தினாங்க. காத்துக் குளிராக்கிற மெசின்கள்ல போரிக் அமிலம் படிஞ்சுது, கழுவினாங்க, திரும்பப் படிஞ்சுது, திரும்பக் கழுவினாங்க. 2000ஆம் ஆண்டு சட்டவுன்ல மூடிக்கு மேல சிவந்த மண்ணிறமா வழிஞ்சு கிடந்தத ஃபோட்டோவும் எடுத்தாங்க. சுத்தியிருக்கிற கூட்டில சின்ன ஓட்டைகள்தான், அதுக்குள்ளால கை விட்டுக் கழுவ ஏலாது, ஏலுமான அளவு கழுவிட்டு மூடினாங்க. வெள்ளையா இருக்க வேண்டிய அமிலம் ஏன் சிவப்பா இருக்கு எண்டு ஒருத்தன் விடாப்பிடியா கேட்டிருந்தா. 2001 கடைசிக்குள்ள நிப்பாட்டிப் பாருங்க எண்டு அமெரிக்க அணுக் கட்டுப்பாட்டு ஆணையம் கேட்டதையும் கதைச்சு 2002 பெப்ரவரி நடு வரைக்கும் இழுத்தாங்க. மார்ச் மாசம் ஒரு குழாயத் திருத்த வெட்டேக்க அந்தக் குழாய் ஆடிச் சரிஞ்சுது. 6 அங்குல இரும்பில இறுக்கின குழாய் எப்பிடிச் சரியும்? சுத்தி இரும்பே இல்ல. ஏறக்குறைய 7 அங்குல நீளத்துக்கும் 4, 5 அங்குல அகலத்துக்கும் மூடிட தடிப்பு முழுக்கக் கரைஞ்சு போய் அந்த ஸ்டெயின்லெஸ் பூச்சு மட்டும் மிஞ்சி நிண்டது. சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலுக்கு மேல அழுத்தத்த அந்தத் தகடு தனியப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு, கொஞ்சம் வெளியால ஊதியும் இருக்கு. அது அழுத்தம் தாங்கறதுக்குப் போட்ட சாமானே இல்ல, அரிப்புத் தடுக்கப் போட்டது. ஒருத்தரும் சாகல்ல எண்டதுக்கு அந்தப் பூச்ச வெல்டிங்கால போட்ட, பேர் தெரியாத வேலையாளத்தான் நான் கும்பிடுவன்.

இப்ப கட்டுற உலைகள்ல அலோய் 690 போடுறாங்க, குரோமியம் 600ல இருந்ததவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஆனா நல்ல இரும்பு போட்டா கதை முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில சான் ஒனோஃப்ரே நிலையத்துக்குப் உலைச் சூட்டில ஸ்டீம் உண்டாக்கிற ஸ்டீம் ஜெனரேட்டர், 690 குழாய் போட்டது, புதுசா கொண்டுவந்து பூட்டினாங்க, 2012 ஜனவரி கடைசியில 3ஆம் உலையில குழாய் ஒண்டு கசிஞ்சுது, ஓடத் தொடங்கி ஒரு வருஷம் கூட இல்ல. அரிப்பு இல்ல இது, தேய்மானம். ஸ்டீம் ஓடுற வேகத்தில குழாய்கள் நடுங்கி ஒண்டோட ஒண்டு உரஞ்சிக்கொண்டிருந்திருக்கு. அந்தக் குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். 2013ல ரெண்டு உலையையும் நிரந்தரமா மூடினாங்க.

தேய்மானத்தில இன்னொண்டு இருக்கு, வால்வு வேலை தெரிஞ்ச ஆக்கள் இத அறிஞ்சிருக்கணும். வால்வு சீட்டுகளுக்கு ஸ்டெல்லைட் எண்ட கடினமான கலவை வைக்கிறது வழக்கம், தேயாது எண்டு, அதில பாதிக்கு மேல கோபால்ட். தேயாது எண்டாலும் கொஞ்சம் தேயும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத தூள் தண்ணியோட உலைக்குள்ள போய் நியூட்ரோன் பட்டு கோபால்ட்-60 ஆகி வெளிய வந்து பைப் வளைவுகள்லயும் வால்வு அடியிலயும் படிஞ்சு கிடக்கும். அது பாதியாக் குறையவே 5 வருஷத்துக்கு மேல வேணும். அடுத்த சட்டவுன்ல அந்த வால்வத் திறக்க வாற ஃபிட்டர், அந்த எல்போவ அளக்க வாற என்னை மாதிரி ஒருத்தன், அவங்கட உடம்பில விழுற கதிர்வீச்சில பெரிய பங்கு இந்தத் தூளாலதான். அதாவது இரும்பு தேயிறத அளக்கப் போறவனுக்கு அந்தத் தேய்மானமே டோஸ் குடுக்குது. அதால நிலையங்கள்ல ஒரு ஆள் ஒரு இடத்தில இத்தின நிமிஷம்தான் நிக்கலாம் எண்டு கணக்கு இருக்கு. அவசரத்தில புரோப வச்சு எடுத்துட்டு ஓட வேண்டி வரும். தடிப்பு அளக்கிறது அவசரத்தில செய்யிற வேலை இல்ல எண்டது கட்டத்துக்குக் கட்டம் நகத்தி அளந்தவனுக்குத் தெரியும், ஒரு விரல்கடை தள்ளி வச்சா 1.9 எண்டது 3.1 எண்டு காட்டும்.

அபுதாபியில பராக்காவில நாலு உலை ஓடுது, கட்டேக்க எங்களோட நிண்ட சிலபேர் அங்க வேலைக்குப் போனாங்க. தமிழ்நாட்டுக் கரையில கூடங்குளத்தில ரெண்டு உலை ஓடுது, இன்னும் நாலு கட்டுறாங்க. இலங்கையிலயும் கொண்டுவருவம் எண்டு கதை அடிக்கடி எழும்புது. 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டத்தால அணுசக்தி சபை வேற, ஒழுங்குபடுத்தல் பேரவை வேற எண்டு பிரிச்சாங்க, அது நல்ல வேலை, கட்டுறவனே கண்காணிக்கக் கூடாது. களனியில அணுசக்தி சபைக்குக் கீழ என்.டி.டி, அதாவது சாமான உடைக்காமச் சோதிக்கிற வேலை, பழக்கிற தேசிய நிலையமும் இருக்கு. எங்கட பக்கத்துப் பொடியனுகள் அதில லெவல் டூ சேர்ட்டிபிக்கட் எடுத்துட்டு அடுத்த கிழமை கட்டாருக்கோ குவைத்துக்கோ பறக்கிறாங்க, நானும் பறந்தவன்தான், இங்க சம்பளம் அப்பிடி.

உலை வேணுமா வேண்டாமா எண்டு முடிவெடுக்கிற அளவுக்கு நான் படிக்கல்ல. ஆனா கூட்டம் வச்சுக் கருத்துக் கேட்டா நான் போய்க் கேட்கிற கேள்வி ஒண்டு இருக்கு: தடிப்பு அளக்கிற லிஸ்ட் ஆரிட்ட இருக்கும்? அமெரிக்காவில சில உலைகளுக்கு 80 வருஷம் வரைக்கும் ஓட்ட அனுமதி குடுத்திருக்காங்க. பூட்டின ஆள் ஒருத்தரும் அவ்வளவு காலம் அங்க நிக்க மாட்டாங்க, கொம்பனி மாறும், ஃபைல் மாறும், கொம்பியூட்டர் மாறும், மிஹாமாவில விடுபட்ட வரி அப்பிடிக் கைமாறேக்கயும் ஒருத்தர்ட கண்ணிலயும் படாமத் தப்பிச்சுப் போனது. அந்த லிஸ்ட ஒழுங்குபடுத்தல் பேரவையும் தனியா ஒரு பிரதி வச்சிருக்கணும், வரைபடத்தில இருக்கிற ஒவ்வொரு எல்போவையும் ஓரிஃபிஸையும் அதோட ஒத்துப் பாக்கணும், அளக்காத இடத்துக்கு ஏன் அளக்கல்ல எண்டு ஒரு கையெழுத்து இருக்கணும். அப்பிடியே ஓடுற பைப்புக்குப் பக்கத்தில வேலைக்கு விடுற எந்த ஒப்பந்தக்காரனும், அந்தப் பைப்பக் கடைசியா எப்ப அளந்தாங்க, எத்தின மில்லிமீற்றர் எண்டத, தன்ட ஆக்களுக்கு அவங்க வாசிக்கிற மொழியில காட்டாம உள்ளுக்கு அனுப்பக் கூடாது. சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மட்டும் ஒட்டினா எங்கட பொடியனுக்கு விளங்காது. கட்டார்ல அரபியிலயும் இங்கிலீசிலயும் ஒட்டின வேலை அனுமதிப் பெர்மிட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டு உள்ளுக்குப் போன எங்கட ஆக்கள் கனபேர எனக்குத் தெரியும்.